ஆறு திரைகளுக்கு நடுவே

அண்ணா அன்று காருக்குள் வானொலியைத் தொடவே இல்லை. ரொறன்ரோவிலிருந்து கிங்ஸ்ரன் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். 401 நெடுஞ்சாலையில் பாட்டில்லாமல் அவர் அவ்வளவு தூரம் ஓடி நான் பார்த்ததில்லை.

"இண்டைக்கு அங்க போய்த்தான் கேக்கவேணும் தங்கச்சி. இப்ப கேட்டா வீணாப் போயிடும்" என்றார்.

2016 ஓகஸ்ட் 20, சனிக்கிழமை. 'த ட்ராஜிக்கலி ஹிப்' என்ற ரொக் இசைக்குழு அன்றிரவு தன் சொந்த ஊரான கிங்ஸ்ரனில் பாட இருந்தது. இதுதான் கடைசிக் கச்சேரி என்று அவர்கள் அறிவிக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாடகர் கோர்ட் டௌனியின் மூளையில் கிளியோபிளாஸ்ரோமா என்ற புற்றுநோய்க் கட்டி. மாற்ற முடியாத வருத்தம். மே 24ஆம் திகதி அதை அவரும் குழுவும் நாட்டுக்கே சொல்லியிருந்தார்கள். சொன்ன கையோடு, கோடையில் ஊர் ஊராகப் போய்ப் பாடப்போகிறோம் என்றும் சொன்னார்கள். ஜூலை 22 மேற்குக் கரையில் விக்ரோறியாவில் தொடங்கியது. மொத்தம் 15 மேடைகள். இது பதினைந்தாவது.

அண்ணா என் பெரியம்மாவின் மூத்த மகன். 1990இல் கனடாவுக்கு வந்தவர். வந்த புதிதில் பகலில் கோப்பை கழுவினார். பிறகு லைசென்ஸ் எடுத்து, ரொறன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் நடுவே இரவு லொறி ஓட்டினார். அந்த லொறியில் தமிழ்ப் பாட்டுக் கசெற்றுகள் இரண்டுதான் இருந்தன. அவையும் ஒரு மாரிக்குள் தேய்ந்துவிட்டன. மிச்சம் வானொலி. ஹிப் குழுவின் பாட்டுகள் இல்லாமல் கனடிய வானொலி இல்லை என்றிருந்த காலம் அது. "எனக்கு இங்கிலீசு படிப்பிச்ச வாத்தியார்" என்றுதான் கோர்ட் டௌனியைச் சொல்லுவார். படிக்கச் சுலபமான வாத்தியார் அல்ல. அவருடைய வரிகளில் பாதி, ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே பிடிபடாது. ஊர்ப்பெயர்கள், பனி ஹொக்கி வீரர்கள், சிறையுடைத்து ஓடியவர்கள், கடலில் மூழ்கியவர்கள் என்று ஒரு முழு நாடும் அந்தப் பாட்டுகளுக்குள் கிடந்தது. அண்ணா அந்த நாட்டைப் பாட்டில் முதலில் கேட்டுவிட்டு, பிறகுதான் கண்ணால் கண்டார்.

நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, சேர் ஜோன் ஏ. மக்டொனல்ட் பெருந்தெருவால் தெற்கே ஏரியை நோக்கிப் போனோம். அந்தத் தெரு போய் முட்டும் இடத்தில் கிங்ஸ்ரன் பெருஞ்சிறை நிற்கிறது. 1835இல் திறந்தது, 2013இல் மூடினார்கள். உயர்ந்த சுண்ணாம்புக்கல் மதிலின் மூலைக்கு மூலை காவல் கூண்டுகள். இந்த ஊரில் எல்லாமே அந்தச் சாம்பல் நிறக் கல்தான்: சிறையும் அதே கல், பல்கலைக்கழகமும் அதே கல், கோவில்களும் அதே கல். குழுவின் ஐந்து பேரும் இந்தக் கல்லுக்குள் வளர்ந்தவர்கள். குழு 1984இல் இங்கேதான் பாடத் தொடங்கியது. கோர்ட் டௌனி பிறந்தது பக்கத்து அமெர்ஸ்ற்வியூ. சிறையிலிருந்து தப்பி வீட்டுக்கு வந்த ஒருவனைப் பற்றி அவர் பாடிய பாட்டின் பெயரை அண்ணா சொன்னார். காரை மெதுவாக்கி மதிலைப் பார்த்தபடியே சொன்னார்.

நகரப் பூங்காவுக்குப் பக்கத்தில் காரை விட்டுவிட்டு நடந்தோம். பூங்கா மூலையில் வெண்கலச் சிலையொன்று நின்றது. நாங்கள் இறங்கி வந்த தெருவுக்கு யாருடைய பெயரோ, அவருடைய சிலை. கனடாவின் முதல் பிரதமர், கிங்ஸ்ரனில் வளர்ந்து இங்கேயே சட்டத்தொழில் செய்தவர். அன்று நாங்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை. கும்பல் கும்பலாகச் சனம் அந்தச் சிலையைக் கடந்து கிங் தெருவால் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. தோளில் மடக்குக் கதிரை, கையில் குளிர்பெட்டி, முதுகில் கனடாக் கொடி. ஒரு தாய் தள்ளுவண்டியில் குழந்தையோடு போனாள். குழந்தையின் காதில் சத்தம் மறைக்கும் பெரிய காதுமூடி.

கடைக் கண்ணாடிகளில் எல்லாம் குழுவின் படங்கள். சில கடைகள் கையால் எழுதி ஒட்டியிருந்தன. திறந்து கிடந்த மேல்மாடி யன்னல்களிலிருந்து அவர்களுடைய பாட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு தெருவில் விழுந்தன.

முதலில் அரங்கம் வரை நடந்து போனோம். உள்ளே போவதற்கல்ல. எங்களிடம் ரிக்கெற் இல்லை. விற்பனை தொடங்கிய சில நிமிடங்களில் எல்லாம் முடிந்திருந்தது. கணினி நிரல்களை ஏவிவிட்டு மொத்தமாக அள்ளியவர்கள் அதையே பல மடங்கு விலைக்கு விற்றார்கள். சாகப்போகும் ஒரு மனிதனின் பாட்டை வைத்து இப்படிச் செய்தார்களே என்று நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் அடுத்த ஆண்டு ஒன்ராறியோ மாகாணம் அப்படி அள்ளுவதைச் சட்டத்தால் தடுத்தது. அரங்கம் ஏழாயிரம் பேரும் கொள்ளாதது. 2008இல் அது திறந்தபோது முதற் கச்சேரியும் இவர்களுடையதுதான். அதன் முன்னால் ஓடும் தெருத்துண்டுக்கு நகரசபை 2012இலேயே குழுவின் பெயரைச் சூட்டிவிட்டது. அண்ணா அந்தப் பெயர்ப்பலகையின் கீழே நின்றார். படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

திரும்பிச் சந்தைச் சதுக்கத்துக்கு வந்தபோது பின்னேரம் ஐந்து மணி இருக்கும். அதற்குள் கால்வைக்க இடமில்லை.

சதுக்கம் நகர மண்டபத்தின் முதுகுப் பக்கம் இருக்கிறது. கிங்ஸ்ரன் கனடாவின் தலைநகராக மூன்று வருடம் இருந்தபோது கட்டத் தொடங்கிய மண்டபம் அது, மேலே பெரிய குவிமாடத்தோடு. இருநூறு வருடமாகச் சந்தை கூடும் இடம். மாரியில் பனிச்சறுக்குக் களம். அன்று அங்கே பெரிய திரை கட்டியிருந்தார்கள். அரங்கத்துக்குள் நடப்பதை இங்கே காட்டுவதாக ஏற்பாடு. சதுக்கத்திலும் சுற்றுத் தெருக்களிலும் 25,000 பேருக்கு மேல் என்று பிறகு சொன்னார்கள். ஊரின் சனத்தொகையே ஒரு இலட்சத்து இருபதினாயிரம் சொச்சம்தான்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தன் போர்வையின் ஒரு ஓரத்தை மடித்து எங்களுக்கு இடம் விட்டார். அண்ணாவைப் பார்த்து, உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டார். அந்தச் சதுக்கத்தில் அன்று எல்லோரும் எல்லோரிடமும் கேட்ட கேள்வி அதுதான்.

"வீற் கிங்ஸ்" என்றார் அண்ணா.

செய்யாத கொலைக்காக 23 வருடம் சிறையிலிருந்து 1992இல் வெளியே வந்த டேவிட் மில்காட்டின் கதை அந்தப் பாட்டில் இருக்கிறது. அதே வருடம்தான் பாட்டும் வந்தது. அந்தப் பெண் ஏன் என்று கேட்டார். அண்ணாவோடு கொழும்பில் ஒரே அறையில் இருந்த இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் திரும்பி வந்தார். அண்ணா அதைச் சொல்லவில்லை. "எனக்கு விளங்கின முதல் பாட்டு" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். எனக்கு வேறு யோசனை.

நான் ரொறன்ரோ வைத்தியசாலைகளில் தமிழ் உரைபெயர்ப்பாளர். வைத்தியர் ஆங்கிலத்தில் சொல்வதை நோயாளிக்குத் தமிழில் சொல்வதும், நோயாளி சொல்வதை வைத்தியருக்குச் சொல்வதும் என் தொழில். கிளியோபிளாஸ்ரோமா என்ற சொல்லை நான் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறேன். அதற்குத் தமிழ் கிடையாது. "மூளைக்குள்ள ஒரு கட்டி, கான்சர் கட்டி" என்று தொடங்குவேன். அடுத்து வைத்தியர் சொல்வார்: வெட்டி எடுக்கலாம், முழுதாக எடுக்க முடியாது. அது ஏன் என்று வீட்டார் கேட்காத நாள் இல்லை. அறுகம்புல்லைத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். மேலே தெரிவதைப் பிடுங்கலாம். மண்ணுக்குள் மயிரிழையாய் ஓடிய வேரைப் பிடுங்க முடியாது. மூளையில் மண்ணைக் கிளறவும் முடியாது. கிளறினால் பேச்சுப் போகும், கை போகும், ஆளே போய்விடும். அதனால் முடிந்த மட்டும் வெட்டி, ஆறு கிழமை கதிர்வீச்சு, கூடவே ரெமொசொலமைட் குளிசை. இவ்வளவும் செய்தாலும், நோயைக் கண்டுபிடித்ததிலிருந்து பாதிப் பேர் பதினைந்து மாதத்தைத் தாண்டுவதில்லை.

கோர்ட் டௌனிக்கும் இதே வரிசைதான். 2015 டிசெம்பரில் வலிப்பு வந்தது. மண்டையோட்டைத் திறந்து சத்திரசிகிச்சை. பிறகு கதிர்வீச்சு, குளிசை. கட்டி இருந்தது இடப்பக்கப் பொட்டு மடலில். சொற்களை வைத்து எடுக்கும் இடம் அது. பாட்டெழுதுகிறவனின் களஞ்சியத்துக்குள்ளேயே கட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. ஒத்திகை தொடங்கியபோது முப்பது வருடம் தான் எழுதித் தானே பாடிய வரிகள் அவருக்கு நினைவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்தார். அப்படியும் நிற்கவில்லை. அதனால் மேடையைச் சுற்றி வரிகள் ஓடும் ஆறு திரைகள் வைத்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு திரை கண்ணில் படவேண்டும் என்பதற்காக.

இதையெல்லாம் அவர் மறைக்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய விசயமாகப் பட்டது. வருத்தத்தின் பெயரைச் சொன்னார்கள். மாறாது என்று சொன்னார்கள். அவருடைய வைத்தியர் ஜேம்ஸ் பெரியே பத்திரிகையாளர் முன்னால் வந்திருந்து, நெஞ்சுருக, ஆனால் ஒரு சொல்லையும் விழுங்காமல் விளக்கினார்.

எங்கள் வீடுகளில் இது நடக்காது. ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஆளையோ இடத்தையோ வருடத்தையோ சொல்ல மாட்டேன். வைத்தியரின் அறைக்குள் போவதற்கு முன் பிள்ளைகள் நடைபாதையில் என்னைப் பிடித்தார்கள். "அக்கா, அம்மாவுக்குக் கான்சர் எண்டு சொல்லாதேங்கோ. சின்னக் கட்டி, மருந்துக்குக் கரைஞ்சிடும் எண்டு சொல்லுங்கோ." அழுதுகொண்டு கேட்டார்கள். எனக்குள்ள விதி ஒன்றுதான்: கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதை அவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் கேட்டதை வைத்தியருக்கும் சொன்னேன். வைத்தியர் நல்லவர். உள்ளே போனதும் முதலில் அம்மாவிடமே கேட்டார்: உங்கள் வருத்தத்தைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்? நான் தமிழில் கேட்டேன். அம்மா பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளையள் சொன்னாக் காணும்" என்றார்.

சில கிழமைக்குப் பிறகு, பிள்ளைகள் கோப்பி வாங்கப் போன நேரம், அம்மா என் கையைப் பிடித்துச் சொன்னார்: "எனக்குத் தெரியும் பிள்ளை. எனக்குத் தெரியுமெண்டுதான் இவையளுக்குத் தெரியாது."

அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. அது அன்பு. ஆனால் அந்த அறையில் கடைசி மூன்று மாதமும் சூப்பைப் பற்றியும் குளிரைப் பற்றியும்தான் பேசினார்கள். அம்மாவுக்கு அவர்களிடம் சொல்ல என்ன இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

அரங்கத்துக்குள் கச்சேரி தொடங்குமுன் சனம் தன்பாட்டில் தேசிய கீதத்தைப் பாடத் தொடங்கியது. திரையில் அதைக் கேட்ட சதுக்கமும் சேர்ந்துகொண்டது. எட்டரை மணி. ஐந்து பேரும் மேடைக்கு வந்தார்கள். கோர்ட் டௌனி உலோகம்போல் மினுங்கும் தோலுடையும், இறகு செருகிய தொப்பியும் அணிந்திருந்தார். 52 வயது. மெலிந்திருந்தார். தொப்பிக்குக் கீழே தையல் தழும்பு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

முதற் பாட்டு 'ஃபிஃப்ரி மிஷன் கப்'. ரொறன்ரோ பனி ஹொக்கி அணிக்கு 1951இல் கிண்ணத்தை வென்று தந்த கோலை அடித்துவிட்டு, அந்தக் கோடையிலேயே மீன்பிடிக்கப் போய் விமானத்தோடு காணாமல்போன பில் பறில்கோவைப் பற்றியது. அவருடைய உடல் கிடைத்த 1962வரை அந்த அணி கிண்ணத்தை வெல்லவே இல்லை. மூன்றாவது பாட்டாக 'வீற் கிங்ஸ்' வந்தது. அண்ணா எழுந்து நின்றார். பக்கத்துப் பெண் அவருடைய தோளில் கை போட்டார். 401இல் இரவிரவாகத் தனியே பாடிய மனிதன் 25,000 பேரோடு சேர்ந்து அதைப் பாடுவதை நான் பார்த்தேன். ஒரு சொல் தவறவில்லை.

இடையிடையே கோர்ட் டௌனி தடுமாறினார். ஒரு சொல் பிந்தும். கண் கீழே திரையைத் தேடும். அந்த இடங்களில் சனத்தின் குரல் ஏறியது. யாரும் யாருக்கும் சொல்லி அது நடக்கவில்லை. நடைபழகும் பிள்ளை சரியும் பக்கம் கை தானாக நீளுமே, அப்படி. பேச்சு இழந்தவர்கள் சில சமயம் பாடுவார்கள் என்பதை என் தொழிலில் கண்டிருக்கிறேன். இடப்பக்க மூளை அடிபட்டுத் தண்ணீர் என்ற சொல்லும் வராத ஒருவர், மெட்டோடு சேர்த்தால் ஒரு பாட்டை முழுதாகப் பாடிவிடுவார். மெட்டு வேறு வழியால் வருகிறது என்கிறார்கள் வைத்தியர்கள். முப்பது வருடம் இங்கிலீசு பேசியவர் நோய் முற்ற முற்றத் தமிழுக்கு மட்டும் திரும்பி வருவதையும் கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதனின் வரிகள் அவனை விட்டுப் போன பிறகு, அவன் கண்டிராத ஆயிரமாயிரம் பேரின் வாயில் பிசகாமல் இருந்து, அவனுக்கே திரும்பிப் போவதை அன்றுதான் கண்டேன்.

பாட்டுகளுக்கு நடுவே ஒரு கட்டத்தில் அவர் பேசினார். அரங்கத்துக்குள் பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோ இருந்தார். கோர்ட் டௌனி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வடக்கில் வாழும் ஆதிக்குடிகளைப் பற்றிச் சொன்னார். அங்கே நடப்பதைக் கேட்காமல் இருக்கவே வாழ்நாள் முழுக்க நாம் பழக்கப்பட்டிருக்கிறோம், இனி இவர் அதைச் சரிசெய்வார் என்ற பொருளில். சபை முன்னால் வாக்குக் கேட்பது போல இருந்தது. சதுக்கம் ஒரு கணம் அமைதியானது. அரசாங்க வானொலியும் தொலைக்காட்சியும் றியோ ஒலிம்பிக்கை இடைநிறுத்தி, விளம்பரம் இல்லாமல் இந்தக் கச்சேரியை ஒளிபரப்பிக்கொண்டிருந்தன. ஒரு கோடியே 17 இலட்சம் பேர் பார்த்தார்கள் என்பது பிறகு வந்த கணக்கு. நாட்டில் மூன்றில் ஒருவர். அவ்வளவு கண்களும் தன்மேல் இருந்த நேரத்தில் அவர் தன் வருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருந்த மூச்சை வடக்குக்குக் கொடுத்தார்.

ஏன் என்று அன்று எனக்குச் சரியாக விளங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து விளங்கியது. ஒக்ரோபர் 18ஆம் திகதி அவருடைய 'சீக்ரெற் பாத்' வந்தது. பத்துப் பாட்டுகளும், ஜெஃப் லெமையரின் சித்திரங்களும். சானி வென்ஜக் என்ற 12 வயதுப் பையனின் கதை. ஒகோகி போஸ்ற் என்ற வடக்குக் கிராமத்துப் பிள்ளை. கெனோராவுக்குப் பக்கத்தில் ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கென இருந்த வதிவிடப் பள்ளி ஒன்றில் கொண்டுவந்து அடைத்தார்கள். அவனுடைய சொந்தப் பெயரைக்கூடக் கூப்பிடாமல் சார்லி என்றார்கள். 1966 ஒக்ரோபரில் அங்கிருந்து ஓடினான். வீடு 600 கிலோமீற்றருக்கு அப்பால். அவ்வளவு தூரம் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது. மெல்லிய சட்டையோடு, சிறு கண்ணாடிப் போத்தலில் சில தீக்குச்சிகளோடு, ரயில் தண்டவாளத்தைப் பிடித்து நடந்தான். குளிரில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே செத்துக் கிடந்தான். அடுத்த வருடம் மக்லீன்ஸ் இதழ் அவன் கதையை எழுதியது. பிறகு நாடு மறந்தது.

வதிவிடப் பள்ளிகளுக்குள் அப்படிப் போன பிள்ளைகள் ஒன்றரை இலட்சம் பேர். தாய்மொழி பேசினால் அடி. அந்தப் பள்ளிகளை நாட்டின் ஏற்பாடாக்கியது பூங்கா மூலையில் நாங்கள் கவனிக்காமல் கடந்த சிலைக்குரியவரின் அரசாங்கம். மொழியைப் பறித்தால் என்ன மிஞ்சும் என்று எங்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் இருபத்தாறு வருடம் கனடாவிலிருந்த அண்ணாவோ, பதினெட்டு வருடமிருந்த நானோ அந்தப் பையனின் பெயரைக் கேட்டிருக்கவில்லை. எங்களுக்குக் குடியுரிமை தந்த நாட்டின் வரலாறு எங்கள் பாடப்புத்தகத்தில் நான்கு மாகாணங்கள் சேர்ந்த திகதியோடு முடிந்துவிட்டது. இதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

'சீக்ரெற் பாத்' பாட்டுகள் நோய் வந்த பிறகு எழுதியவை அல்ல. அதற்கு முன்பே, அண்ணன் மைக் டௌனி சொன்ன கதையைக் கேட்டு எழுதிப் பதிவுசெய்து வைத்திருந்தவை. சாவு முன்னால் வந்து நின்றதும் கையிலிருந்தவற்றில் எதை முதலில் கொடுக்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். செப்ரெம்பரில், கச்சேரி முடிந்து சில கிழமையில், அந்த உடம்போடு ஒகோகி போஸ்ற்றுக்கே போய் சானியின் குடும்பத்தைக் கண்டார். அந்தக் கிராமத்தில் அப்போதும் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்கவேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தது. டிசெம்பரில் ஆதிக்குடித் தலைவர்கள் அவருக்குப் போர்வை போர்த்தி, லகோற்றா மொழியில் ஒரு பெயர் கொடுத்தார்கள். நட்சத்திரங்களுக்கு நடுவே நடப்பவன் என்று பொருள்.

சதுக்கத்துக்குத் திரும்புகிறேன். மூன்று முறை உள்ளே போய் மூன்று முறையும் திரும்பி வந்து பாடினார்கள். இரண்டாம் முறையின் முடிவில் 'கிரேஸ், ரூ'. அந்தப் பாட்டின் கடைசியில் அவர் கத்தினார். சொல் இல்லை, வெறும் கத்தல். பிறகு ஒலிவாங்கியைக் கீழே விட்டு, முகம் சுருங்கி அழுதார். பெரிய திரையில் அந்த முகம் ஒரு வீட்டின் அளவுக்கு நின்றது. அந்த இடத்தில் பாட்டும் இல்லை, நடிப்பும் இல்லை. எனக்குப் பின்னால் யாரோ "ஐயோ" என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன உண்டோ அதைச் சொன்னார்கள். பக்கத்துப் பெண் போர்வையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். நான் வைத்தியசாலை அறைகளில் எத்தனையோ அழுகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் சாகப்போகிறவர் அழுவதை அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு அந்த இடத்தை நாங்கள் விட்டுவைப்பதில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து மூன்று பாட்டுப் பாடினார். கடைசி 'அஹெட் பை எ செஞ்சுரி'. எங்களைச் சுற்றி நின்ற சின்னப் பிள்ளைகள் வரை அது எல்லோருக்கும் பாடம். முடிந்ததும் ஐந்து பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சனம் கலையவில்லை. திரை அணைந்த பிறகும் கனநேரம் அப்படியே நின்றது. பிறகு மடக்குக் கதிரைகள் மடியும் சத்தம் மெல்ல மெல்லச் சதுக்கம் முழுக்கப் பரவியது.

அதற்குப் பிறகு அவர் பதினான்கு மாதம் உயிரோடிருந்தார். 2017 ஒக்ரோபர் 17, இரவு, 53 வயதில் இறந்தார். பத்து நாள் கழித்து 'இன்ரடியூஸ் யெர்செல்ஃப்' என்ற இசைத்தொகுப்பு வெளிவந்தது. 23 பாட்டுகள். ஒவ்வொன்றும் தன் வாழ்க்கையிலிருந்த ஒருவருக்கு. நோயைத் தெரிந்துகொண்ட பிறகு இரண்டு முறை, முறைக்கு நான்கு நாள் உட்கார்ந்து, பெரும்பாலும் முதல் தடவை பாடியதையே வைத்துக்கொண்டு முடித்தாராம். ஒருவரைப் பார்க்கும்போது அவர் பெயர் மறந்துவிடும் என்று கையில் எழுதிக்கொண்டு போன மனிதர், 23 பேருக்குத் தனித்தனியே சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த நவம்பரில் அண்ணாவும் நானும் திரும்பக் கிங்ஸ்ரனுக்குப் போனோம். சதுக்கத்தில் அந்த இரவுக்காக ஒரு நினைவுக் கல் வைத்திருந்தார்கள். அதன்மேல் வாடிய பூ, கரைந்த மெழுகு. காற்று ஏரியிலிருந்து வந்து காதை அறுத்தது. அண்ணா கையுறையைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தொட்டார். பிறகு பூங்காவரை நடந்து போய், போன தடவை கவனிக்காத சிலையின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். 2021இல் அதை அங்கிருந்து அகற்றிவிட்டார்கள். அன்று அது நின்றது, காலடியில் பழுத்த இலைகளோடு.

திரும்பும் வழியில் அந்த 23 பாட்டில் சிலதைப் போட்டுக் கேட்டோம். பெல்வில் தாண்டியதும் அண்ணா சத்தத்தைக் குறைத்தார்.

"எனக்கு ஏதும் வந்தா நீதான் வந்து மொழிபெயர்க்கவேணும். ஒண்டும் விடாமச் சொல்லவேணும், என்ன?"

"உங்களுக்குத்தான் இங்கிலீசு தெரியுமே அண்ணா."

"அந்த நேரம் அது போயிடுமெண்டு நீதானே சொன்னனி."

முன்னால் ஒரு லொறி வலப்பக்க விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரத்துக்கு ஒதுங்கியது. அண்ணா அதைத் தாண்டும்வரை பேசாமலிருந்தார்.

"சரி சொல்லு. ஓமெண்டு சொல்லு."

"ஓம் அண்ணா" என்றேன்.